உடைக்கச் சொன்ன தூண்: கண்டிப்பான ஓவசியரால எனக்கு நன்மையா, கேடா?

கல்லடி மேசன்:
கொஞ்சம் நீளம், பொறுத்து வாசியுங்க. 2006இல எனக்கு 20 வயசு. சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்புக் கரையோரம் முழுக்க வீட்டுத்திட்ட வேலை நடந்த காலம். கரையில இருந்து 200 மீற்றருக்குள்ள கட்டக் கூடாது எண்டு முதல்ல சொல்லி, பிறகு தளர்த்தி, எல்லாருக்கும் அவசரம். நான் மேசனுக்குக் கையாள். எங்களுக்கு மேல ஒரு ஓவசியர். பேர் வேண்டாம், இப்ப வயசாளி, ஊரிலதான் இருக்கார். விடிய ஆறேமுக்காலுக்கே சைற்றில நிப்பார். கையில ரசமட்டம், காற்சட்டைப் பையில தூக்குக்குண்டு. அவருக்கு முன்னால "பரவாயில்ல" எண்ட சொல்லு எடுக்க ஏலாது.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் விறாந்தைத் தூண் ஒண்டு ஊத்தினம். மழை இருட்டிக்கொண்டு வந்திச்சு. அவசரத்தில கம்பியால குத்தி இறுக்கல்ல. அடுத்த நாள் பலகை கழட்டினா அடிப்பக்கம் தேன்கூடு மாதிரி ஓட்டை, உள்ளுக்குள்ள கம்பி தெரியுது. மேசன் அண்ணன் சாந்து குழைச்சுப் பூசி மூடப் போனார். ஓவசியர் கண்டிட்டார். சைற் முழுக்கக் கேக்கிற மாதிரி எங்களைக் கிழிச்சுப்போட்டு, "உடை" எண்டார். அண்டைக்கு முழு நாளும் உளியும் சுத்தியலும்தான். எனக்கு அழுகை வந்திச்சு.

பின்னேரம் சம்பளம். உடைச்ச நாளுக்கும் முழுக்கூலி! கொந்தராத்துக்காரர் வெட்டப் பார்த்தார், இவர் விடல்ல. "ஊத்தக்குள்ள நான் பக்கத்தில நிக்கல்ல, என்ட பிழை" எண்டு சைற் புத்தகத்தில தன்ட கையால எழுதிக் கையெழுத்தும் வச்சார்.

இப்ப நானும் சின்னச் சின்னக் கொந்தராத்து எடுத்துச் செய்யிறன். போன கிழமை ஒரு பொடியன் வந்த சுறுக்கில விட்டுட்டுப் போயிட்டான். "உங்களோட ஆரும் வேலை செய்வானா" எண்டு கேட்டுட்டுத்தான் போனான். ஓவசியர் காட்டின வழியிலதான் நான் போறன். எங்க பிழை?

பாலமீன்மடு:
அண்ணன், கோவிக்காதீங்க. இந்தக் கதையை எங்கட ஊரில ஆயிரம் பேர் சொல்லுவாங்க. "அவர் ஏசினபடியாத்தான் நான் ஆளானன்." ஆளானவன்தான் வந்து சொல்லுறான். அந்த சைற்றை விட்டுட்டுப் போன பொடியன்மார் எத்தினை பேர், அவங்க எங்க? அவங்களை ஆரும் கேக்கிறல்ல.

நானும் 19 வயசில ஒரு சைற்றில நிண்டவன். வேற சைற், வேற ஆள். வீட்டுக்காரர், அவங்கட பொம்பிளைப் பிள்ளை, எல்லாரும் பார்த்துக்கொண்டு நிக்கக்குள்ள ஏச்சு வாங்கினன். என்ன பிழை செய்தனான் எண்டு இண்டைக்கு ஞாபகம் இல்ல. அந்தப் பிள்ளை சிரிச்சது மட்டும் ஞாபகம். அதில என்னத்தைப் படிச்சன் சொல்லுங்க?

கல்லடி மேசன்:
தம்பி, ஏச்சு வேற, தூண் வேற. இஞ்ச கடல் பக்கத்தில. ஆத்து மண் தட்டுப்பட்டா கடல் மண்ணைக் கழுவாமக் கலக்கிற ஆக்கள் இருந்தாங்க. அந்த உப்பு கம்பியில துருவை ஏத்தும். துரு பிடிச்ச கம்பி பருத்து, மேல இருக்கிற சீமெந்தைப் பிளக்கும். கம்பி வெளியில தெரிஞ்ச தூணுக்குச் சாந்து பூசினா, ஆக்கள் குடிபோற நாள்ல வடிவாத்தான் இருக்கும். கொஞ்ச வருசத்தில தெரியும்.

தண்ணி விசயமும் அப்பிடித்தான். கலவைக்குத் தண்ணி கூட விட்டா வாரி ஊத்தச் சுகம், ஆனா காய்ஞ்ச பிறகு பலம் இல்ல. ஊத்தின பிறகு ஏழு நாளாவது நனைச்சு வைக்கணும். கச்சான் காத்து வீசக்குள்ள சாக்குப் போட்டு நனைச்சாலும் மத்தியானத்துக்குள்ள காய்ஞ்சிடும். முழுப்பலம் வர 28 நாள். மனுசன் ஞாயிற்றுக்கிழமையும் சைக்கிள்ல வந்து தூணைத் தொட்டுப் பார்ப்பார், ஈரமா எண்டு. அவர் ஏசாம விட்டிருந்தா நான் இதெல்லாம் படிச்சிருப்பனா?

பாலமீன்மடு:
படிச்சிருப்பீங்க. நான் பிறகு கட்டாருக்குப் போனன். அங்க எங்களுக்கு ஒரு போர்மன், குரல் உயர்த்தினதே இல்ல. விடிய அஞ்சு நிமிசம் எல்லாரையும் நிறுத்தி வச்சு, இண்டைக்கு என்ன வேலை, எங்க ஆபத்து எண்டு சொல்லுவார். பிழை செய்தா அங்கால கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். அங்க நாங்க ஊத்தின தூணும் நேராத்தான் நிண்டது. கோடையில, ஜூன் 1இலிருந்து செப்டெம்பர் 15 வரைக்கும், விடிய 10 மணி தொடக்கம் பின்னேரம் 3.30 வரை வெளி வேலை செய்யக் கூடாது எண்டு அங்க 2021இல சட்டத்தை இறுக்கினாங்க. அது போர்மன்ட நல்ல மனசு இல்ல, சட்டம். அவர் கெட்டவனா இருந்திருந்தாலும் எனக்கு நிழல் கிடைச்சிருக்கும். உங்கட ஓவசியர் நல்லவரா வாய்ச்சது உங்கட ராசி. அடுத்த சைற்காரனுக்கு ஆர் வாய்ச்சது?

மருதமுனைத் தறி:
அஸ்ஸலாமு அலைக்கும். ரெண்டு பேரும் சத்தத்தைப் பத்தியே பேசுறீங்க. நான் 12 வருசம் ஒரு நெசவுசாலையில இருந்தவன். எங்கட முதலாளியும் கத்தினதே இல்ல, சிரிச்ச முகம். பாவில ஒரு இழை அறுந்தது தெரியாம நெஞ்சா சாரியில கோடு விழும். மனுசன் சிரிச்சுக்கிட்டே வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பார்ப்பார். மறுகா சிரிச்சுக்கிட்டே அந்தத் துண்டுக்குரிய கூலியை வெட்டுவார். நூல் அவர் வாங்கினது. மலிவு நூல், இழுத்தா அறும். அதுக்கு ஆர் பொறுப்பு? நாங்கதான். வாப்பா சொல்லுவார், "சிரிப்ப வச்சிச் சோறு ஆக்கேலாது மனே."

அந்த ஓவசியர் கத்திப்போட்டுச் சல்லி குடுத்திரிக்கார். எனக்கெண்டா அவர்தான் வேணும்.

ஏறாவூர் காக்கா:
என்ட பழைய முதலாளி கத்தவும் இல்ல, சிரிக்கவும் இல்ல, சல்லியும் தரல்ல. ஆள் கொழும்புக்குப் போயிட்டார். இந்த விவாதத்தில என்னை எந்தப் பக்கம் சேர்ப்பீங்க?

காரைதீவுக் கணக்கு:
ஏறாவூர் காக்காவை என்ட பக்கம் சேர்க்கிறன்.

நான் 20 வருசம் கட்டடக் கொந்தராத்துக் கந்தோர்கள்ல கணக்கு எழுதினவள். ஏசினவங்களையும் பார்த்தன், தேன் ஒழுகப் பேசினவங்களையும் பார்த்தன். ஆர் நீதியான ஆள் எண்டு நான் பார்க்கிறது சம்பளப் பதிவில. தம்பி கல்லடி, உங்கட ஓவசியரை நான் குறை சொல்லல்ல. உடைச்ச நாளுக்குக் கூலி வாங்கித் தந்த ஆள் லேசான ஆள் இல்ல. ஆனா அந்த சைற்றில உங்களுக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டினாங்களா?

நாட்கூலி, தற்காலிகம் எண்டு சொல்லித் தப்ப ஏலாது. அந்தச் சேமலாப நிதிச் சட்டம், 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கம், ஒரே ஒரு ஆளை வச்சு வேலை வாங்கிறவரையும் பிடிக்கும். சம்பளத்தில தொழிலாளிட பங்கு 8 வீதம், முதலாளிட பங்கு 12. அதுக்கு மேல ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளி தனிய 3 வீதம். 15 பேரோ கூடவோ வேலை செய்யிற இடத்தில அஞ்சு வருசம் முடிச்சவங்களுக்குப் பணிக்கொடையும் உண்டு, மாதச் சம்பளக்காரருக்கு வருசத்துக்கு அரை மாதச் சம்பளம். இதெல்லாம் நல்ல மனுசன்ட கையில இல்ல, அந்தப் பாலமீன்மடுத் தம்பி சொன்ன மாதிரி.

கல்லடி மேசன்:
இல்ல அக்கா. கட்டல்ல. அது அவர்ட கையில இல்லாத விசயம், கொந்தராத்துக்காரர்ட வேலை.

காரைதீவுக் கணக்கு:
சரி. இப்ப கொந்தராத்துக்காரர் நீங்க. நீங்க கட்டுறீங்களா?

ஏறாவூர் காக்கா:
ஆஹா.

கல்லடி மேசன்:
காக்கா, நீங்க சும்மா இருங்க.

அக்கா, உள்ளதைச் சொன்னா இல்ல. எனக்கு ஆள் நிரந்தரம் இல்ல. ரெண்டு மாதம் அஞ்சு பேர், அடுத்த மாதம் ஒருத்தர். எப்பிடிக் கட்டுறது?

காரைதீவுக் கணக்கு:
எல்லாரும் சொல்லுற பதில்தான். தொழில் திணைக்களத்தில போய்ப் பதியுங்க, மட்டக்களப்பிலயே கந்தோர் இருக்கு. எந்த மாதம் எத்தினை பேரோ அந்தக் கணக்குக்குக் கட்டலாம், அடுத்த மாத முடிவுக்குள்ள. பிந்தினா மிகைக்கட்டணம் 5 வீதத்தில தொடங்கி 50 வரைக்கும் ஏறும். ஏறினதைப் பார்த்து அழுத முதலாளிமாருக்கு நான்தான் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன்.

இன்னொண்டு. விட்டுட்டுப் போன பொடியனுக்கு, வேலை செய்த நாளுக்குக் காசு குடுத்தீங்களா?

பாலமீன்மடு:
நான் கேக்க நினைச்சதை அக்கா கேட்டுட்டா.

கல்லடி மேசன்:
*(ரெண்டு நாள் கழிச்சு)*
உடன பதில் எழுத ஏலாமப் போச்சு. குடுக்கல்ல. அவன் சொல்லாமக் கொள்ளாமப் போனபடியா, வந்து கேக்கட்டும் எண்டு வச்சிருந்தன். சனிக்கிழமை அவன் கட்டின சுவரைப் பார்த்தன். தூக்குக்குண்டு பிடிச்சா ரெண்டு நூல், கால் அங்குலம், அங்கால போகுது. அவ்வளவுதான். அதுக்கா நான் அத்தினை பேருக்கு முன்னால அப்பிடிக் கத்தினன் எண்டு யோசிச்சன்.

பாலமீன்மடுத் தம்பி, உங்களோட நான் இன்னும் முழுசா ஒத்துவரல்ல. அந்தத் தூணை உடைக்கத்தான் வேணும், நான் எண்டாலும் உடைப்பன். ஆனா ஓவசியர்ட கத்தல் எனக்கு அப்பிடியே வந்திருக்கு, அந்தச் சைற் புத்தகம் வரல்ல. என்னட்ட சைற் புத்தகமே இல்ல.

மருதமுனைத் தறி:
பொடியன் என்ன சென்னான்? அதைச் செல்லுங்க.

கல்லடி மேசன்:
போன் எடுக்கல்ல. நேற்றுப் பின்னேரம் வீட்டுக்கே போனன், நாவற்குடாப் பக்கம். அவன் இல்ல, தாய்தான் நிண்டா. நாலு நாள் காசைக் குடுத்தன். வாசல்லயே நிண்டு எண்ணிப் பார்த்துட்டு, "மகன் நாலரை நாள் எண்டெல்லோ சொன்னவன்" எண்டா. கடைசி நாள் மத்தியானம் மட்டும் நிண்டவன், நான்தான் அதைக் கணக்கில எடுக்கல்ல.

அரை நாளையும் குடுத்துட்டு வந்தன்.