மகள் தன் முகத்தை வெறுக்கிறாள்

யீஷூன் அம்மா:
உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகள், தீபாவளிப் படத்தில் தன் மூக்கைச் செயலியில் சிறிதாக்கி, நிறத்தையும் வெளுப்பாக்கிய பிறகே பாட்டிக்கு அனுப்புகிறாள். பக்கத்திலிருந்த கதவு நிலையும் சேர்ந்து வளைந்திருக்கிறது! கண்டித்தால் அழுகிறாள். என்ன செய்வது?

தேக்கா வாசகி:
கண்டிக்காதீர்கள், அக்கா. அந்த வளைந்த கதவு நிலையை அவளுக்குக் காட்டுங்கள். விளம்பரங்களிலும் மாடலின் இடுப்பைச் செயலியில் மெலிதாக்கினால், அருகிலுள்ள கோடுகள் அப்படித்தான் நெளியும். சேர்ந்து தேடிப் பாருங்கள். வீட்டில் யாராவது அவள் நிறத்தைக் குறை சொல்கிறார்களா?

புகைப்படக்காரர்:
மாடலின் உடலை மெலிதாக்கிய விளம்பரப் படத்தில் அதைக் குறிப்பிட வேண்டும் என்று பிரான்ஸில் 2017 முதல் சட்டம் இருக்கிறது. நார்வேயில் 2022 முதல். தோழிகள் பதிவிடும் படங்களுக்கு அது பொருந்தாது. பிள்ளைகளை அதிகம் வதைப்பவை அவைதாம்.

யீஷூன் அம்மா:
அவளுடைய அத்தைதான், பார்க்கும்போதெல்லாம் “கறுத்துவிட்டாயே” என்பார். முதலில் அவரிடம் பேசுகிறேன்.