கிண்டல் எதுவரை, வசை எதிலிருந்து? மைதானத்தில் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

தொடங்கி வைப்பவர்:

2024 ஆகஸ்டில் லெஸ்டரில் ஓர் ஆட்டம். எதிரணியான டாட்டன்ஹாமின் ரசிகர்கள் லெஸ்டர் ஆட்டக்காரர் ஜேமி வார்டியை விடாமல் வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். மாற்று ஆட்டக்காரருக்கு இடம் விட்டு வெளியே போகும்போது வார்டி அவர்கள் பக்கம் திரும்பினார். சட்டைக் கையில் இருந்த, இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கின் சின்னத்தைத் தொட்டுக் காட்டினார். எனக்கு ஒன்று, உங்களுக்குப் பூஜ்யம் என்று விரலாலேயே சொல்லிவிட்டுப் போனார். 2016-இல் லெஸ்டர் அந்தக் கோப்பையை வென்றபோது அவர் அணியில் இருந்தவர். டாட்டன்ஹாம் அதை ஒருமுறைகூட வென்றதில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு மே 21 அன்று வாலென்சியாவின் மெஸ்டாயா மைதானத்தில் ரியல் மாட்ரிட்டின் கறுப்பின ஆட்டக்காரர் வினிசியஸ் ஜூனியரைக் குரங்கு என்று கத்தினார்கள். அவர் கத்தியவரைக் கை நீட்டி நடுவருக்குக் காட்டினார். ஆட்டம் நின்றது. 2024 ஜூனில் மூன்று பேருக்கு எட்டு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. கால்பந்து மைதானத்தில் இனவெறி வசை பேசியதற்காக ஸ்பெயினில் வந்த முதல் தண்டனை அதுதான்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் யாருக்கும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதைத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆடியவர்கள், காலரியில் இருந்து கத்தியவர்கள், விசில் ஊதியவர்கள், உங்களுக்கு நேரில் நடந்ததை எழுதுங்கள்.

முன்னாள் கோல்கீப்பர்:

மற்ற பத்துப் பேருக்கும் கூட்டத்தின் சத்தம் மொத்தமாக ஓர் இரைச்சலாகத்தான் கேட்கும். கோல்கீப்பருக்கு அப்படி இல்லை. பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது நாங்கள் சும்மா நிற்கிறோம், முதுகுக்குப் பின்னால் சில அடி தூரத்தில் ஆட்கள். ஒவ்வொரு குரலும் தனித்தனியாகக் காதில் விழும். பாதி ஆட்டம் முடிவதற்குள் யாருக்கு எந்தக் குரல் என்று மனப்பாடம் ஆகிவிடும்.

லீக் ஆட்டம் ஒன்றில் முதல் பாதி முழுக்க ஒரு பெரியவர் என்னை விடவே இல்லை. "தம்பி, கையில எண்ணெய் தடவிட்டு வந்தியா?" என்பார். நான் கோல் கிக் அடிக்கப் போனால், "பார்த்துப்பா, பந்து வெளியே போனா நீதான் போய் எடுத்துட்டு வரணும்" என்பார். ஒருமுறை எம்பி விழுந்து பந்தைத் தட்டிவிட்டேன். எழுந்து அவர் பக்கம் திரும்பி இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன், எண்ணெய் எங்கே என்று. அவர்தான் முதலில் கைதட்டினார். எதிரணி ரசிகர் அவர். ஆட்டம் முடிந்ததும் வேலி ஓரமாக வந்து தோளில் தட்டிவிட்டுப் போனார்.

இரண்டாம் பாதியில் பக்கம் மாறினோம். அந்தப் பக்கம் நாலைந்து இளைஞர்கள். அதில் ஒருவன் என் அம்மாவைப் பற்றி ஆரம்பித்தான். அம்மா இறந்து அப்போது அதிக நாள் ஆகவில்லை. நான் இணையத்தில் போட்டிருந்த அஞ்சலிக் குறிப்பை அவன் தேடிப் படித்துவிட்டு வந்திருந்தான். அதில் இருந்த வரிகளையே திருப்பிச் சொன்னான். அம்மாவின் பெயரையும் சொன்னான்.

நான் அன்று கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரியவர் கிண்டல் செய்தபோது என்னைப் பார்த்துப் பேசினார். நான் என்ன பதில் சொல்கிறேன் என்று காத்திருந்தார். இந்தப் பையன் ஒவ்வொரு தடவை சொல்லி முடித்ததும் தன் நண்பர்கள் முகத்தைப் பார்த்தான். என்னிடம் அவன் எதையுமே எதிர்பார்க்கவில்லை. நான் அங்கே ஆளாகவே இல்லை.

பந்து வெளியே போனதும் நடுவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் ஆட்டத்தை நிறுத்தினார். எதிரணி கேப்டன் தானாகவே அந்த வேலி வரை போய், "எங்களுக்காகக் கத்துறதா இருந்தா இதைக் கத்தாதே" என்று சொன்னார். காவலர்கள் பையனை வெளியே அனுப்பினார்கள். கேப்டன் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. தன் அணி ரசிகனிடம் தன் அணிக்காரர் சொல்வதன் பலம் வேறு.

காலரிக்காரன்:

உங்களுக்கு நடந்தது கொடுமை, அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் இந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. காசு கொடுத்து டிக்கெட் வாங்கி வருகிறோம். எதிரணி ஆட்டக்காரன் நிம்மதியாக ஆடக்கூடாது என்பதற்காகத்தான் கத்துகிறோம். பெனால்டி அடிக்கும்போது அமைதியாக இருங்கள் என்று சொல்லிவிடுவார்களோ? வினிசியஸ் விஷயத்திலும், அவர் கோல் போட்டு ஆடுகிறார், சீண்டுகிறார் என்பது உண்மைதானே?

முன்னாள் கோல்கீப்பர்:

சீண்டட்டும். நீங்களும் திருப்பிச் சீண்டுங்கள். "ஆடத் தெரியல, டான்ஸ் மட்டும் தெரியுது" என்று மைதானமே சேர்ந்து பாடுங்கள், அடுத்த பந்திலேயே அவர் பதில் சொல்லிக்கொள்வார். குரங்கு என்பதற்கு எந்தக் கோல் பதில்? தோலின் நிறத்தை அவர் எந்த ஆட்டத்தில் சரி செய்ய முடியும்?

1988-இல் லிவர்பூலின் கறுப்பின ஆட்டக்காரர் ஜான் பார்ன்ஸ் தன் முன்னால் விழுந்த வாழைப்பழத்தைக் குதிகாலால் தட்டிவிட்டார். 2014-இல் வில்லாரியல் மைதானத்தில் பார்சிலோனாவின் டானி ஆல்வெஸ் அதே மாதிரி வந்த பழத்தை உரித்துத் தின்றுவிட்டுக் கார்னர் அடித்தார். எல்லோரும் அவர்களைப் பாராட்டினோம், நானும்தான். ஆனால் இடையில் இருபத்தாறு வருடம் போயிருக்கிறது, எறிந்தவர்கள் மாறவில்லை. நகைச்சுவையாக எடுத்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு எப்போதும் அடி வாங்குபவருக்கே வந்து சேர்கிறது. பெனால்டிக்கு நீங்கள் தாராளமாகக் கத்தலாம். உங்கள் சத்தம் இல்லாவிட்டால் எனக்கு ஆடவே வராது.

நடுக்கள ஆட்டக்காரி:

சுருக்கமாகச் சொல்கிறேன். ஓர் ஆட்டத்தில் எனக்கு எதுவுமே சரியாக வரவில்லை. பாஸ் எல்லாம் எதிரணியின் காலுக்கே போனது, ஒரு கோலும் என்னால்தான் விழுந்தது. அதைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. என் உடம்பைப் பற்றி, ஷார்ட்ஸைப் பற்றி, வீட்டில் எப்படி அனுப்பினார்கள் என்பதைப் பற்றி ஆட்டம் முழுக்கப் பேசினார்கள். "என்னம்மா பாஸ் இது" என்று யாராவது திட்டியிருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். என் ஆட்டத்தை ஒருவர் பார்க்கிறார் என்றாவது ஆகியிருக்கும்.

பக்கத்தில் அவர்களுடைய பெண் குழந்தைகளும் உட்கார்ந்திருந்தார்கள். அது இன்னும் உறுத்துகிறது.

நள்ளிரவு ரசிகர்:

எங்கள் கிளப் ஆதரவாளர்கள் ஒரு கூடத்தில் சேர்ந்து பெரிய திரையில் ஆட்டம் பார்ப்போம். லிவர்பூல் – மான்செஸ்டர் யுனைடெட் என்றால் இரண்டு பக்கத்து ஆட்களும் வருவார்கள். இவன் அவனைச் சீண்டுவதும், அவன் இவன் கோப்பைக் கணக்கைக் கேட்பதும் வழக்கம். அதற்காகவே வருகிறோம்.

ஒரு தடவை எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் இரண்டு கையையும் விமான இறக்கை மாதிரி விரித்துக்கொண்டு யுனைடெட் ஆட்கள் முன்னால் ஓடினான். இணையத்தில் யாரோ செய்ததைப் பார்த்திருக்கிறான், அவ்வளவுதான். எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து, 1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக்கில் என்ன நடந்தது என்று சொன்னார். யுனைடெட் அணியை ஏற்றிக்கொண்டு, பனிச்சேறு படிந்த ஓடுதளத்தில் இருந்து மேலே எழும்ப முடியாத விமானம். 23 பேர் இறந்தார்கள், அதில் எட்டு பேர் ஆட்டக்காரர்கள். டங்கன் எட்வர்ட்ஸுக்கு வயது 21, பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் போராடி இறந்தார். அப்புறம் 1989 ஹில்ஸ்பரோ மைதான நெரிசல். இறந்தவர்கள் நம் லிவர்பூல்காரர்கள் 97 பேர். அதை வைத்து நம்மைப் பாடினால் உனக்கு எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்டார்.

இடைவேளை முடிந்து வந்த பையன் நேராக யுனைடெட் ஆட்கள் இருந்த வரிசைக்குப் போய் ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. அவர்கள் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டார்கள். மீதி ஆட்டத்தை அங்கே இருந்துதான் பார்த்தான்.

இங்கிலாந்தில் இப்போது இதைக் குற்றமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். 2023 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்துக்கு, அந்த 97 பேரைக் கேலி செய்யும் சட்டை போட்டு வந்தவருக்கு நான்கு வருடம் மைதானத் தடை கிடைத்தது. சரியான தண்டனை என்பேன். ஆனால் அந்தப் பையனுக்குத் தடையைவிட அந்தப் பெரியவர் போதுமாக இருந்தார்.

டச்லைன் ஓரம் உட்காருபவர்:

எல்லோரும் ரசிகர்கள் செய்வதையே எழுதுகிறீர்கள். ஆட்டக்காரர்கள் செய்வதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் கூட்டம் ஒரு முறை எதிரணி மாற்று ஆட்டக்காரர் ஒருவரைப் பிடித்துக்கொண்டது. முந்தைய வாரம் அவர் பெனால்டியை வானத்துக்கு அடித்திருந்தார். அவர் எங்கள் முன்னால் வார்ம் அப் செய்ய வந்தபோதெல்லாம் அந்தப் பந்து இன்னும் கீழே வரவில்லை என்று பாடினோம். அவர் நின்று, நெற்றியில் கை வைத்து வானத்தை அண்ணாந்து தேடினார். அப்புறம் எங்கள் பாட்டுக்குக் கையை வீசித் தாளம் போட்டார். அன்றிலிருந்து அவர் எந்த அணிக்குப் போனாலும் எங்கள் காலரியில் அவருக்குக் கைதட்டல் உண்டு.

அதே இடத்தில் வேறொரு நாள். எங்கள் அணி ஆட்டக்காரர், வெளியே எடுக்கப்பட்ட கோபத்தில் வந்துகொண்டிருந்தார். வேலியோரம் நின்ற சின்னப் பையன் "அண்ணா, அந்த பாஸ் கொடுத்திருக்கலாம்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவர் வேலி மேல் ஏறி அந்தக் குழந்தையின் முகத்துக்கு நேராக, இங்கே எழுத முடியாத வார்த்தைகளைக் கொட்டினார். பையன் அழக்கூட இல்லை. அணிச் சட்டையைக் கழற்றி அவன் அப்பாவிடம் கொடுத்துவிட்டான்.

1995 ஜனவரி 25 அன்று மான்செஸ்டர் யுனைடெட்டின் எரிக் கான்டோனா, தன்னை வசைபாடிய ரசிகரைக் காலரிக்குள் பாய்ந்து உதைத்ததை வீரச்செயல் மாதிரி இன்றும் பகிர்கிறார்கள். உதை வாங்கியவர் பேசியதும் சட்டப்படி குற்றம்தான், அவருக்கும் தண்டனை கிடைத்தது. கான்டோனாவுக்கு முதலில் இரண்டு வாரச் சிறை, மேல்முறையீட்டில் அது 120 மணி நேர சமூக சேவையாக மாறியது, செப்டம்பர் முடியும் வரை ஆடவும் தடை. நான் கான்டோனாவை மிகவும் ரசிப்பவன். இருந்தாலும் அந்தப் படத்தை என்னால் கொண்டாட முடியாது. வசைக்கு உதை பதில் என்றால், வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற சின்னப் பையனுக்கு யார் பாதுகாப்பு?

விசில்காரர்:

நடுவராக ஒரே ஒரு விஷயம். இனவெறி வசைக்கு, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா வைத்திருக்கும் முறையில் மூன்று படி உண்டு. முதலில் ஆட்டத்தை நிறுத்தி அறிவிப்பு. தொடர்ந்தால் ஆட்டக்காரர்களை உள்ளே அனுப்பி இடைநிறுத்தம். அதற்கும் அடங்காவிட்டால் ஆட்டத்தையே கைவிடலாம். 2024 ஜனவரியில் இத்தாலியின் உடினேயில் இனவெறி வசை தாங்காமல் மிலான் கோல்கீப்பர் மைக் மென்யான் வெளியே நடந்தபோது மிலான் அணி மொத்தமும் கூடவே போனது. திரும்பி வந்து 3–2 என்று ஜெயித்தார்கள்.

சின்ன மைதானங்களில் ஒலிபெருக்கி இருக்காது, உள்ளே அனுப்ப அறைகூட இருக்காது. நான் இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டு அந்தப் பக்கத்துக் கூட்டத்தின் முன்னால் நிறுத்துவேன். அவர்களே பேசுவார்கள். பெரும்பாலும் அதற்கு மேல் போனதில்லை. கேட்கவில்லை என்று நடிக்கும் நடுவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு முறை அப்படிக் கடந்து போனால், அடுத்த வாரம் இன்னும் நாலு பேர் சேர்ந்து கத்துவார்கள்.

கிளப் சமூக ஊடகப் பக்கத்தைக் கவனிப்பவர்:

2018 ஜூனில் அப்போதைய இந்திய அணி கேப்டன் சுனில் சேத்ரி ஒரு காணொளி போட்டது நினைவிருக்கும். சீன தைபேயை 5–0 என்று ஜெயித்த ஆட்டத்துக்கு மும்பை மைதானம் காலியாகக் கிடந்தது. வாருங்கள், விமர்சியுங்கள், முகத்துக்கு நேராகத் திட்டுங்கள், ஆனால் மைதானத்துக்கு வாருங்கள் என்று கேட்டார். இணையத்தில் திட்டுவதில் என்ன சுவை இருக்கிறது என்றும் கேட்டார். அடுத்த ஆட்டத்துக்கு இடம் நிறைந்தது. என் வேலைக்கு வந்த பிறகுதான் அவர் கேட்டதன் அர்த்தம் எனக்கு முழுசாகப் புரிந்தது.

2021 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் பெனால்டி தவறவிட்ட இங்கிலாந்தின் ராஷ்ஃபோர்ட், சான்சோ, சாகா மூவருக்கும் அன்று இரவே இணையத்தில் இனவெறி வசை வந்து குவிந்ததை உலகமே பார்த்தது. சின்னக் கிளப்புகளுக்கும் அது வரும், அளவுதான் குறைவு. எங்கள் இளம் டிஃபெண்டர் ஒருவர் கடைசி நிமிடத்தில் சொந்த வலைக்குள் பந்தைத் தட்டிவிட்டார். அவர் ஃபோனைக் கையில் எடுப்பதற்குள் முடிந்த வரை நீக்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொலை மிரட்டல்கள், அவர் தங்கையின் படத்தைப் போட்டு எழுதியவை, ஜாதியைச் சொல்லி எழுதியவை. சிலருக்கு நான் பதில் எழுதினேன்: இதை அவரும் படிப்பார், இப்படியே வைத்துக்கொள்ளலாமா என்று. பாதிப் பேர் உடனே அழித்தார்கள். "யாரும் படிப்பார்கள் என்று நினைக்கவில்லை" என்று ஒருவர் எழுதினார். அதை நான் நம்புகிறேன். காலரியில் கத்துபவருக்கு எதிரே ஒரு முகம் தெரியும், இங்கே அது இல்லை.

மறுநாள் டிஃபெண்டர் என்னிடம் வந்து, எல்லாவற்றையும் நீக்கிவிட்டீர்களா என்று கேட்டார். தங்கையைப் பற்றி வந்தவற்றைப் போலீஸுக்குக் கொடுத்தாகிவிட்டது என்றேன். "அது சரி. அந்த கோலைப் பற்றிக் கிண்டலா வந்ததெல்லாம் இருக்கட்டும் அண்ணா, நான் பதில் போடணும்" என்றார். அப்படி இருந்தவற்றை எடுத்துக் காட்டினேன். "இந்த சீசனில் நம் அணியின் மிக நேர்த்தியான ஃபினிஷ்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே அவரே தட்டினார்: "இடது காலில் அடிச்சேன், அதையும் கவனிங்க."