தாத்தாவின் அம்பாசிடர் ஏன் கொதிக்கிறது?

கண்ணன், சனி காலை 7.10
எல்லோருக்கும் வணக்கம். தாத்தாவின் 1984 மாடல் அம்பாசிடர் நேற்றும் கொதித்து நின்றுவிட்டது. திருவான்மியூர் வரை ஒரு தொந்தரவும் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் அக்கரையைத் தாண்டி 70 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டத் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் இன்ஜின் வெப்பத்தைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. ரேடியேட்டரையே மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். பெரிய மாமா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பெரிய மாமா, 7.24
கண்ணா, எதையும் மாற்றுவதற்கு முன் ஒன்று சொல். மத்திய கைலாஷ் சிக்னலில் நின்றபோது முள் ஏறியதா? நிற்கும்போது மட்டும் சூடேறும் வண்டியில் குறை பெரும்பாலும் காற்றில்தான் இருக்கும். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது ரேடியேட்டர் தகடுகளுக்கிடையே தூசி அடைத்திருக்கும். ஓடும்போது சூடேறினால் தண்ணீர் ஓட்டத்தையோ, சிலிண்டரில் தீப்பொறி விழும் நேரமான இக்னிஷன் டைமிங்கையோதான் சந்தேகிக்க வேண்டும், ஏனென்றால் வேகத்தில் காற்று தானாகவே கிடைத்துவிடுகிறது.

கண்ணன், 7.27
சிக்னலில் முள் அசையவே இல்லை, மாமா.

விஜி அத்தை, 7.31
நின்றவுடன் ரேடியேட்டர் மூடியைத் திறந்தாயா? அப்பா ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டதை நான் மறக்கவில்லை.

கண்ணன், 7.32
இல்லை அத்தை, ஒரு மணி நேரம் ஆறவிட்டுத்தான் தொட்டோம்.

பெரிய மாமா, 7.45
நல்ல காரியம் செய்தாய். உள்ளே அழுத்தம் இருக்கும்வரை தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் வரை தாங்கும் மூடி கொதிநிலையை ஏறத்தாழ 10 டிகிரி உயர்த்திவிடும். சூட்டோடு திறந்தால் அந்த அழுத்தம் போய், தண்ணீர் பொங்கி முகத்தில் அடிக்கும். இப்போது இன்ஜின் குளிர்ந்திருப்பதால் மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்து பார். விடாமல் குமிழி வந்தால், இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது என்று பொருள். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது கீழ் ஹோஸ் சப்பையாகிறதா என்றும் கவனி, ஏனென்றால் வாட்டர் பம்ப் அந்தப் பக்கத்திலிருந்துதான் உறிஞ்சுகிறது. பிறகு தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, வேக்குவம் குழாயை வாயால் உறிஞ்சிப் பார். உள்ளே பாயிண்ட் தட்டு நகர வேண்டும். நகராவிட்டால் அதை இழுக்கும் டயாபிரம் என்ற சவ்வு கிழிந்திருக்கும், தீப்பொறி தாமதமாகி வெப்பம் ஹெட்டில் தங்கிவிடும்.

கண்ணன், 11.05
மூன்றையும் பார்த்துவிட்டேன். குமிழி இல்லை, ஹோஸ் விறைப்பாகவே இருக்கிறது, தட்டும் நகர்கிறது. சேகர் அண்ணன் இன்ஃப்ராரெட் வெப்பமானி கொண்டுவந்தார். இன்ஜின் சூடான பிறகு அளந்ததில் ரேடியேட்டரில் மேலிருந்து கீழாக வெப்பம் சீராகக் குறைகிறது, அடைப்பைக் காட்டும் குளிர்ந்த திட்டு நடுவில் எதுவும் இல்லை.

சேகர் அண்ணன், 11.12
இன்னொன்றையும் கவனித்தேன், மாமா. இன்ஜின் பிளாக்கின் முன்பகுதியைவிட நான்காம் சிலிண்டர் பக்கம் ஏறக்குறைய 20 டிகிரி அதிகமாக இருக்கிறது.

பெரிய மாமா, 11.20
சேகர், அங்கேதான் விஷயம் இருக்கிறது. ரேடியேட்டரின் மேல் பழி போட வேண்டாம். அம்பாசிடரின் 1489 சிசி இன்ஜின், பிரிட்டனின் பிஎம்சி நிறுவனம் வடிவமைத்த பி வரிசை இன்ஜின். பம்ப் முன்னால் இருப்பதால் துருவும் சேறும் பிளாக்கின் பின்கோடியில், நான்காம் சிலிண்டரைச் சுற்றித்தான் போய்ப் படியும். அந்தப் பகுதியில் கீழே ஒரு சிறிய வடிகால் குழாய் இருக்கும். நன்றாக ஆறிய பிறகு அதைத் திறந்து, என்ன வருகிறது என்று சொல்.

கண்ணன், மாலை 4.40
மாமா, திறந்தேன், ஒரு சொட்டுக்கூட வரவில்லை! பிளாக் நிறையத் தண்ணீர் இருக்கும்போதே வரவில்லை. கம்பியை விட்டுக் குடைந்ததும் முதலில் அரைத்த மசாலா போலக் கெட்டியான செம்பழுப்புச் சேறு பிதுங்கியது, பிறகு செதில் செதிலாகத் துரு, அதன் பிறகே தண்ணீர் வந்தது. மேல் ஹோஸைக் கழற்றி, தோட்டக் குழாயை வைத்து 40 நிமிடம் அலசிய பிறகுதான் தெளிந்தது. தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய கூடு காலியாக இருக்கிறது.

விஜி அத்தை, 4.52
அப்பா எப்போதும் நம் வீட்டு போர்வெல் தண்ணீரைத்தான் ஊற்றுவார். அந்தத் தண்ணீர் பட்ட வாளியிலேயே வெள்ளை உப்புப் படியும்.

பெரிய மாமா, 5.10
அந்த உப்பும் துருவும்தான் இத்தனை வருடமாக உள்ளே சேர்ந்திருக்கின்றன. இனி காய்ச்சி வடித்த நீரில் கூலன்ட் கலந்து மட்டுமே ஊற்று. இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடியிருக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட், அதை யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். சூடாகும் வண்டிக்கு அதுதான் வைத்தியம் என்று பலர் நம்புகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடே கிடையாது. குளிர்ந்தே ஓடும் இன்ஜினில் ஆயிலில் கசடு சேர்ந்து, சிலிண்டரும் சீக்கிரம் தேயும். ஜி.பி. ரோட்டில் 82 டிகிரி தெர்மோஸ்டாட் வாங்கி, பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்கி, அது திறப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே பொருத்து.

கண்ணன், ஞாயிறு காலை 9.35
தெர்மோஸ்டாட்டைச் சோதித்து நேற்றிரவே பொருத்திவிட்டேன். இப்போது கோவளத்திலிருந்து எழுதுகிறேன். அதே வேகத்தில்தான் வந்தேன்; முள் பாதியைத் தாண்டவில்லை. மெக்கானிக்கிடம் ரேடியேட்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பெரிய மாமா, 9.41
கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது, கண்ணா. ஒட்டியிருந்த மீதிச் சேறு இனிமேல்தான் இளகும். 500 கிலோமீட்டர் ஓடியதும் அந்த வடிகாலை மறுபடி திறந்து, வரும் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் படம் அனுப்பு.