கான் விமானத்தில் இருப்பது அமெரிக்க இன்ஜின், இது எப்படிச் சுயசார்பு?

கேள்வி (தென்காசிக்காரன்):
துருக்கியின் கான் போர் விமானம் 2024 பிப்ரவரி 21 அன்று முதல்முறையாகப் பறந்த வீடியோவை நேற்றுதான் பார்த்தேன். அதில் இருக்கும் இரண்டு இன்ஜினும் அமெரிக்காவின் எஃப்110, அதாவது அமெரிக்காவின் எஃப்-16 போர் விமானத்தில் இருக்கும் அதே இன்ஜின். 1952லிருந்து அமெரிக்கா உள்ள நேட்டோ ராணுவக் கூட்டணியில் இருக்கும் நாடு இவ்வளவு பணத்தைக் கொட்டி ஏன் சொந்தமாகச் செய்கிறது, கேட்டால் கூட்டாளிகளே தர மாட்டார்களா?

பதில் (பழையரேடியோ):
கேட்டால் தருவார்கள் என்ற நம்பிக்கை 1974லேயே போய்விட்டது நண்பரே. சைப்ரஸ் தீவில் துருக்கி படை இறக்கியபோது, ஜூலை 21 அன்று துருக்கி விமானங்கள் தங்கள் நாட்டுப் போர்க்கப்பலான கோஜாதெபேயையே எதிரிக் கப்பல் என்று நினைத்துக் குண்டு போட்டு மூழ்கடித்தன. கப்பலும் அமெரிக்காவில் கட்டியது, விமானங்களும் அங்கிருந்து வந்தவை, ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒழுங்கான தகவல் தொடர்பு இல்லை. அந்தப் படையிறக்கத்துக்காக அடுத்த வருடமே அமெரிக்கா துருக்கிமேல் ஆயுதத் தடை போட்டது, 1978 வரை நீக்கவில்லை. ராணுவத்துக்கு ரேடியோ செய்ய அசெல்சான் நிறுவனத்தைத் தொடங்கியதும் அதே 1975ல்தான். 2019ல் ரஷ்யாவின் எஸ்-400 வான் பாதுகாப்பு ஏவுகணைகளை வாங்கியதற்காக, அமெரிக்கா தன் எஃப்-35 போர் விமானத் திட்டத்திலிருந்தே துருக்கியை வெளியேற்றியது. அந்த விமானத்துக்கு நூற்றுக்கணக்கான பாகங்களைச் செய்துகொடுத்துக்கொண்டிருந்த நாடு அது!

பதில் (லேத்பட்டறை):
இன்ஜின் விஷயத்தில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்ஜினுக்குள் சூடான வாயுவால் சுழலும் டர்பைன் பிளேடு கையில் எடுத்தால் சின்னதுதான், ஆனால் அது சுழலும் இடத்தில் வாயுவின் சூடு அந்த உலோகம் உருகும் அளவையே தாண்டிவிடும். அதனால் உள்ளே கூடாக வார்த்து, பொடிப்பொடியாகத் துளை போட்டுக் காற்றை விட்டுக் குளிர வைக்கிறார்கள், பிளேடு முழுக்க ஒரே படிகமாகவும் இருக்க வேண்டும். வரைபடம் கையில் இருந்தால்கூட வார்ப்பு கைகூடப் பல வருடம் ஆகும். நம் நாட்டுப் போர் விமானத்துக்கான காவேரி இன்ஜின் வேலை 1980களில் தொடங்கியது, நம் தேஜஸ் போர் விமானம் இன்றும் அமெரிக்க எஃப்404ல்தான் பறக்கிறது. 2021ல் 99 இன்ஜின் ஆர்டர் செய்தோம், முதல் இன்ஜின் வந்தது 2025 மார்ச்சில்! விமானத்தைச் செய்து வைத்துக்கொண்டு இன்ஜினுக்குக் காத்திருப்பது எவ்வளவு வயிற்றெரிச்சல்.

தென்காசிக்காரன்:
சரி, அப்படியென்றால் இன்ஜின் வராதவரை மற்றதெல்லாம் வீண்தானே?

பழையரேடியோ:
வீண் இல்லை. துருக்கியின் பைரக்தார் டிபி2 ட்ரோனுக்குக் கேமரா கனடாவிலிருந்து வந்தது. 2020 அக்டோபரில், அந்த ட்ரோனை அஜர்பைஜான் ஆர்மீனியாவுக்கு எதிராகப் பயன்படுத்திய கராபாக் போர் நடந்துகொண்டிருக்கும்போதே கனடா அதை நிறுத்தியது. ஆனால் அசெல்சானிடம் சொந்தக் கேமரா ஏற்கெனவே உருவாகிக்கொண்டிருந்தது, சீக்கிரமே அதை மாட்டிப் பறக்கவிட்டார்கள். துருக்கியின் அல்தாய் டாங்கில் அப்படிக் கையில் எதுவும் இல்லை. ஜெர்மனி இன்ஜினும் கியர்பாக்ஸும் தராததால் பல வருடம் இழுத்து, கடைசியில் தென் கொரியாவிடம் வாங்கினார்கள். யாராவது நிறுத்தும்போது பாதி வேலையாவது நம் பட்டறையில் முடிந்திருக்கிறதா என்றுதான் நான் பார்ப்பேன். கானுக்கும் சொந்த இன்ஜின் வேலை அங்கே நடந்துகொண்டுதான் இருக்கிறது.