ஆழத்தில் வேலை செய்ய ஹீலியம் கலந்த வாயு: உடம்பு தாங்குமா?

கோபிக்காரன்:
ஏனுங்க, என் மச்சினன் தண்ணீருக்கடியில் வெல்டிங் செய்யும் டைவர் வேலைக்குப் படிக்கிறான். முடித்ததும் மும்பை ஹை எண்ணெய்த் தளத்துக்குப் போகணும் என்கிறான். கிணற்றில் குதித்தே வளர்ந்தவன், தண்ணீர் பயமில்லை. ஆனால் அங்கே ஹீலியம் கலந்துதான் சுவாசிக்கத் தருவார்களாம். பலூனுக்கு அடிக்கிற வாயு உடம்புக்கு ஆகுமா? சுத்த ஆக்சிஜனே கொடுத்தால் என்ன? அத்தை தினமும் என்னைத்தான் கேட்கிறாங்க.

பொள்ளாச்சி டைவர்:
சுத்த ஆக்சிஜன் கூடவே கூடாதுங்க. 10 மீட்டர் இறங்க இறங்க ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். ஆக்சிஜனின் பங்கு அழுத்தம், அதாவது மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜன் மட்டும் தருகிற பங்கு, 1.6 வளிமண்டலத்தைத் தாண்டினால் வலிப்பு வரலாம், சுத்த ஆக்சிஜன் 6 மீட்டரிலேயே அதைத் தொட்டுவிடும். தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் வாயிலிருக்கிற ரெகுலேட்டர் (மூச்சுக்கு வாயு தரும் கருவி) நழுவி மூழ்கத்தான் வேண்டும்.

சரி, சாதாரணக் காற்று? 30 மீட்டரைத் தாண்டினால் நைட்ரஜன் போதை ஏறும், கள்ளு குடித்தவன் மாதிரி சிரிப்பும் தைரியமும் வரும், கையிலிருக்கிற மீட்டரைப் பார்த்தாலும் புரியாது. 60 மீட்டரில் காற்று 7 மடங்கு அடர்ந்துவிடுவதால் மூச்சு இழுப்பதே பாடு, கார்பன் டை ஆக்சைடு உள்ளே தங்கும். ஹீலியம் போதை தராது, லேசாக இருப்பதால் மூச்சும் சுலபம். ஆனால் காற்றைவிட சுமார் 6 மடங்கு வெப்பத்தைக் கடத்தும், அதனால் உடைக்குள் வெந்நீர் ஓடவிடுவார்கள். குரல் கீச்சென்று மாறிவிடும், மேலே பேச்சைச் சரிசெய்ய தனிக் கருவி உண்டு.

பெருந்துறை வாயுக்காரர்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. 100 மீட்டருக்குக் கலக்கும் வாயுவில் ஆக்சிஜன் 10 சதவீதம் இருந்தாலே அங்கே போதும், அதையே மேலே தரையில் சுவாசித்தால் மயக்கம் போட்டு விழுவான். அதனால்தான் சிலிண்டரில் கலவையும் அதிகபட்ச ஆழமும் ஒட்டியிருக்கும். ஒட்டியதை நம்பாமல், வால்வைக் கொஞ்சம் திறந்து ஆக்சிஜன் அளவைக் காட்டும் அனலைசரைத் தானே பிடித்துப் பார்க்கச் சொல்லுங்க.

கோபிக்காரன்:
நன்றிங்க. அப்போ ஹீலியம் போட்டால் மேலே வரும்போது மூட்டுவலி, வாதம் எல்லாம் வராதா?

பொள்ளாச்சி டைவர்:
வரும்ங்க, ஹீலியமும் ரத்தத்தில் கரையும், அவசரமாக ஏறினால் குமிழியாகும். அதனால்தான் வேலை செய்யும் ஆழத்தின் அழுத்தமே இருக்கிற அறையில் வாரக்கணக்கில் தங்க வைத்து, கடைசியில் சுமார் 30 மீட்டருக்கு ஒரு நாள் வீதம் அழுத்தத்தைக் குறைப்பார்கள். ஹீலியத்தால் கைநடுக்கம் வருவதெல்லாம் 150 மீட்டருக்குக் கீழே, மும்பை ஹையில் கடல் ஆழம் சுமார் 75 மீட்டர்தான். அப்புறம் வேலை முடிந்ததும் கோவைக்கு உடனே விமானம் ஏறக்கூடாது, டைவிங் மருத்துவர் சொல்கிற நேரம் காத்திருக்கணும், அதை அத்தையிடமும் சொல்லிவிடுங்க.