தாழ் ஓத உயர்வா, வற்றுத்திட்டா?

ஐயா, வணக்கம்.

சீனாமீது பிலிப்பைன்ஸ் தொடுத்த தென்சீனக் கடல் வழக்கின் தீர்ப்பில் வரும் low-tide elevation என்பதற்கு நீங்கள் முன்வைத்த 'தாழ் ஓத உயர்வு' என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. கடலின் ஏற்ற இறக்கத்தைக் குறிக்கும் 'ஓதம்' பழைய, நல்ல சொல். ஆனால் 'உயர்வு' என்றதும் நீர்மட்டம் ஏறுவதுதான் மனத்தில் வரும். இங்கே பேச்சு தரையைப் பற்றியது.

1982 கடற்சட்ட உடன்படிக்கையின் 13ஆம் பிரிவு சொல்வது இயற்கையாக உருவான நிலத்தை. கடல் வற்றும்போது அது வெளியே தெரியும், பெருகும்போது மூழ்கிவிடும். கரையிலிருந்தும் தீவுகளிலிருந்தும் 12 கடல் மைலுக்கு அப்பால் இருந்தால் அதற்கெனத் தனிக் கடல் எல்லை கிடையாது. ஆகவே 'வற்றுத்திட்டு' என்கிறேன். இலங்கைத் தமிழில் 'வற்றுப்பெருக்கு' ஏற்கெனவே உண்டு. புதிதாகப் பழக வேண்டியதில்லை.

நடுவில் வரும் 'த்' என்ற ஒற்றெழுத்தை விட்டுவிடக் கூடாது. 'வற்றுதிட்டு' என்றால் வினைத்தொகையாகி, திட்டே வற்றுவதுபோல் ஆகிவிடும். 'த்' இருந்தால்தான் வற்றின்போது தெரியும் திட்டு என்ற பொருள் நிற்கும்.

"மிஸ்சீஃப் திட்டில் (Mischief Reef) இப்போது ஓடுபாதையே இருக்கிறது, அது மூழ்குவதில்லையே" என்று கேட்டிருந்தீர்கள். சரியான கேள்வி, வழக்கின் உயிரே அதில்தான் இருக்கிறது. சீனா 1995இல் அங்கே கம்பங்கள் நட்டுக் குடில்கள் கட்டியது, பிற்பாடு மணல் கொட்டித் தளமாக்கியது. 2016 ஜூலை 12 அன்று நடுவர் மன்றம், கட்டுமானத்துக்கு முந்தைய இயற்கை நிலையை வைத்தே வகைப்படுத்தியது. எவ்வளவு கான்கிரீட் ஊற்றினாலும் வற்றுத்திட்டு தீவாகாது. சீனா தீர்ப்பை ஏற்கவில்லை என்பது வேறு விஷயம். இரண்டாம் தாமஸ் திட்டும் (Second Thomas Shoal) இதே வகைதான். 1999இல் பிலிப்பைன்ஸ் அங்கே 'சியரா மாத்ரே' என்ற பழைய போர்க்கப்பலைத் தரைதட்ட வைத்து, அதிலேயே வீரர்களைக் குடியிருத்தியது. அவர்களுக்கு உணவு கொண்டுபோகும் படகுகள்மேல் சீனக் கடலோரக் காவல்படை நீர் பீய்ச்சியதுண்டு. இரண்டு திட்டுகளும் பிலிப்பைன்ஸின் 200 கடல் மைல் பொருளாதார மண்டலத்துக்குள் அடங்கியவை, எவரும் சொந்த நிலமாக்கிக்கொள்ள முடியாதவை என்பது தீர்ப்பு. நம் சொல் இந்த வழக்கைத் தாங்க வேண்டும்.

அப்புறம், 121ஆம் பிரிவின் 'பாறை' (rock) எனக்கு உறுத்துகிறது. மனிதர் வாழவோ தனிப் பொருளாதாரம் நடத்தவோ இடம் தராத, அதனால் பொருளாதார மண்டலம் பெறாத தீவுக்கு அங்கே அதுதான் பெயர். மரங்களும் கிணறும் உள்ள இட்டு அபா (Itu Aba) தீவையும் மன்றம் அந்த வகையில்தான் சேர்த்தது. வெறும் 'பாறை' என்றால் படிப்பவர் குழம்புவார். 'பாறைத்தீவு' என்றால் தீவு உரிமை உண்டென்று படுமோ? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.