உதவி தேவை: டேலண்ட் ஸ்டுடியோவில் கைப்பேசிப் படம் ஏற மறுக்கிறது (நின்டெண்டோ 64டிடி)

கசாய்க்காரன்

அனைவருக்கும் வணக்கம். தோக்கியோவில் நிஷிகசாய் பக்கம் வசிக்கிறேன். இங்குள்ள பழைய பொருள் கடை ஒன்றில் நின்டெண்டோ 64 கன்சோலின் அடியில் பொருத்தும் 64டிடி வட்டு இயக்ககம் கிடைத்தது. கூடவே மாரியோ ஆர்ட்டிஸ்ட் வரிசையின் பெயிண்ட் ஸ்டுடியோ, டேலண்ட் ஸ்டுடியோ வட்டுகளும், வெளியிலிருந்து படம் உள்ளிழுக்கும் கேப்சர் கேசட்டும் இருந்தன.

அம்மாவின் முகத்தை டேலண்ட் ஸ்டுடியோவின் முப்பரிமாணப் பொம்மைமேல் ஒட்டி, விதவிதமாக உடுத்தி, மேடையில் நடக்கவிட வேண்டும். அவர் திருச்சியிலிருந்து வரும்போது காட்டலாம் என்று திட்டம்.

இணைப்பு இப்படி: கைப்பேசி, அதிலிருந்து எச்டிஎம்ஐ, அதை ஏவி ஆக்கும் சிறிய கன்வெர்ட்டர் பெட்டி, அதன் மஞ்சள் கம்பி கேப்சர் கேசட்டில். ஆட்டம் ஒழுங்காக ஓடுகிறது, சேமிக்கவும் செய்கிறது. படம் பிடிக்கும் திரைக்குப் போனால் மட்டும் படம் கருப்பு வெள்ளையாகி, நிற்காமல் மேல்நோக்கி ஓடுகிறது. வேறு கம்பி போட்டும் மாற்றமில்லை. கேசட் பழுதா? வேறொன்று தேட வேண்டும் என்றால் விலையை நினைத்தாலே தலை சுற்றுகிறது.

கட்டைவிரல்

எக்ஸ்பான்ஷன் பேக் (கன்சோலின் கூடுதல் நினைவகம்) சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கேசட்டைக் கழற்றி, அடியில் உள்ள தொடுமுனைகளில் பலமாக ஊதிவிட்டு மீண்டும் செருகுங்கள். எனக்குப் பாதித் தொல்லைகள் இப்படித்தான் தீர்ந்திருக்கின்றன.

ஈயப்பற்று

ஊதாதீர்கள். வாயிலிருந்து போவது காற்று மட்டுமல்ல, ஈரமும் சேர்ந்துதான் போகிறது. நாளடைவில் தொடுமுனை கறுக்கும். துடைத்தே ஆக வேண்டுமானால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தொட்ட பஞ்சுக் குச்சி போதும். கழற்றிச் செருகியதில் தொடர்பு சீரானதைத்தான் பலரும் ஊதியதால் வந்த பலன் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

எக்ஸ்பான்ஷன் பேக்கும் காரணமாக இருக்க முடியாது. அந்தக் கூடுதல் 4 எம்பி நினைவகம் இல்லாவிட்டால் 64டிடி ஆட்டங்கள் ஓடவே ஓடா. இவர் உடை மாற்றிச் சேமிப்பது வரை போயிருக்கிறார்.

கசாய்க்காரன், அழுக்குப் படிந்த தொடுமுனை இவ்வளவு ஒழுங்கான கோளாறைத் தராது. நிறம் போய், படம் ஒரே திசையில் உருள்கிறது என்றால் சமிக்ஞை வருகிறது, ஆனால் கேசட்டுக்குப் புரியாத முறையில் வருகிறது என்று பொருள். கன்வெர்ட்டரின் பக்கவாட்டில் நகத்தால் நகர்த்தும் அளவில் ஒரு பொத்தான் இருக்கும். அது எந்தப் பக்கம் இருக்கிறது?

கசாய்க்காரன்

இருக்கிறது அண்ணா, ‘பால்’ (PAL) பக்கம். பெட்டியைப் பிரித்தபோதே அப்படித்தான் இருந்தது. ஆனால் ஒரு சந்தேகம். காரில் பின்பக்கம் பார்க்கப் பொருத்துவார்களே, அந்த வகைச் சிறு எல்சிடி திரை என்னிடம் உண்டு. அதே மஞ்சள் கம்பியை அதில் செருகினால் படம் முழு நிறத்தில், ஆடாமல் அசையாமல் தெரிகிறது. அதனால்தான் கன்வெர்ட்டர்மேல் சந்தேகமே வரவில்லை.

ஈயப்பற்று

அந்தத் திரைதான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. கார்த் திரைகள் உலகம் முழுவதும் விற்கப்படுபவை. எந்த முறையில் சமிக்ஞை வந்தாலும் தாமே கண்டறிந்து காட்டிவிடும். அங்கே தெரிகிறது என்பதால் கேசட்டிலும் தெரியும் என்று சொல்ல முடியாது.

இந்தியாவில் தூர்தர்ஷன் காலத்திலிருந்து நாம் பார்த்தது பால் முறை: 625 கோடுகள், நொடிக்கு 50 புலங்கள் (அரைப் படங்கள்). ஜப்பானும் அமெரிக்காவும் என்டிஎஸ்சி: 525 கோடுகள், ஏறத்தாழ 60 புலங்கள். நிறத்தைக் குறியிடும் விதமும் இரண்டிலும் வேறு. கேப்சர் கேசட் ஜப்பானில் மட்டுமே விற்பனையான பொருள், அதற்கு என்டிஎஸ்சி ஒன்றுதான் தெரியும். புலங்களின் கணக்கு ஒத்துவராததால் படம் உருள்கிறது, நிறக் குறியீடு புரியாததால் கருப்பு வெள்ளையாகிறது. உங்கள் இரண்டு அறிகுறிகளும் இதற்குள் அடங்கிவிட்டன.

எல்லாவற்றையும் அணைத்து, பொத்தானை என்டிஎஸ்சி பக்கம் தள்ளி, கன்வெர்ட்டருக்கு மீண்டும் மின்சாரம் கொடுங்கள். சில பெட்டிகள் தொடங்கும்போது மட்டுமே அந்தப் பொத்தானைப் பார்க்கும்.

கேசட்டைத் திறக்க வேண்டாம். இந்த மாதிரி அரிய பொருள்களில் பழுதால் போனவற்றைவிட, பழுது பார்க்கிறேன் என்று போனவை அதிகம் என்பது என் எண்ணம்.

கசாய்க்காரன்

வந்துவிட்டது! முழு நிறத்தில் நிலையாக நிற்கிறது. மிக்க நன்றி அண்ணா.

இப்போது அடுத்த வழக்கு. அம்மா பட்டினி கிடந்தவர் போல் தெரிகிறார். முகம் நீண்டு, கன்னம் ஒட்டி, எலுமிச்சம்பழம் வெண்டைக்காய் ஆகிவிட்டது. நேரில் காட்டினால் என்னைச் சும்மா விடமாட்டார். ஆட்டத்திற்குள் அகலத்தைச் சரிசெய்ய வழி உண்டா?

கேத்தோடு

ஆட்டத்திற்குள் தேடாதீர்கள், படம் ஏறுவதற்கு முன்பே நசுங்கிவிட்டது. கைப்பேசி அனுப்புவது 16:9 சட்டகம். கன்வெர்ட்டர் அதை அப்படியே 4:3 சட்டகத்துக்குள் அமுக்குகிறது. உயரம் மாறாமல் அகலம் மட்டும் முக்கால் பங்காகக் குறைகிறது.

படத்தைக் கைப்பேசியிலேயே முன்கூட்டி அகலப்படுத்திவிடுங்கள். உயரத்தைத் தொடாமல் அகலத்தை மட்டும் 4/3 மடங்கு, அதாவது சுமார் 133 விழுக்காடு ஆக்குங்கள். 900க்கு 900 புள்ளிகள் உள்ள சதுரப் படம் 1200க்கு 900 ஆகும். கைப்பேசியில் அம்மா பூசணிக்காய் போலத் தெரிவார், கவலைப்படாதீர்கள், கன்வெர்ட்டர் அமுக்கியதும் இயல்பாகிவிடுவார். அந்தப் படத்தை 1920க்கு 1080 அளவுள்ள கருப்புப் பின்னணியின் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியும் கிடைமட்டமாக இருக்கட்டும். நிமிர்த்திப் பிடித்தால் திரையில் பெரும்பகுதி கருப்புப் பட்டையாகப் போய்விடும்.

இன்னும் ஒன்று. நின்டெண்டோ 64 ஆட்டங்களில் பெரும்பாலானவை 320க்கு 240 புள்ளிகளில் வரைபவை. எனவே கைப்பேசிக் கேமராவின் நுணுக்கம் எதுவும் இங்கே பிழைக்காது, ஒளிதான் முக்கியம். சன்னலுக்கு எதிரே உட்காரவைத்து நேர்முகமாக எடுங்கள். பக்கவாட்டு ஒளி விழுந்த படத்தை முப்பரிமாணத் தலைமேல் போர்த்தினால் பாதி முகம் கரி பூசியதுபோல் ஆகிவிடும். கூந்தலை நெற்றியிலிருந்து ஒதுக்கச் சொல்லுங்கள். ஏற்றுவதற்கு முன் வெளிச்சத்தைச் சற்றே கூட்டுவதும் நல்லது. நம் நிறத்தவர்களின் முகம் காம்போசிட் வீடியோவில், அதாவது அந்த மஞ்சள் கம்பிச் சமிக்ஞையில், இருண்டுபோவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கட்டைவிரல்

இவ்வளவு கம்பி எதற்கு? கையடக்கக் கேம் பாயில் செருகும் கேம் பாய் கேமராவில் எடுத்து, கேம் பாய் கேசட்டை நின்டெண்டோ 64 கட்டுப்பாட்டுக் கருவியோடு இணைக்கும் டிரான்ஸ்ஃபர் பேக் வழியாகப் பெயிண்ட் ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோகலாமே?

கேத்தோடு

கொண்டுபோகலாம், அதுவும் இந்த வரிசைக்கென்றே அமைந்த வழிதான். ஆனால் அந்தக் கேமராவின் படம் 128க்கு 112 புள்ளிகள், நிறம் நான்கே சாயல்கள். பெயிண்ட் ஸ்டுடியோவில் மேலே வண்ணம் தீட்டி விளையாட அது அருமையான மூலப்பொருள். தன் முகம் என்று அம்மா அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்றால் கேப்சர் கேசட் வழியே மேல். மேலும் கேம் பாய் கேமரா படங்களை வைத்திருப்பது ஒரு சிறிய பொத்தான் மின்கலத்தின் தயவில். அது தீர்ந்தால் படங்களும் போகும்.

மலைக்கோட்டை

நான் ஊரிலேயே இருப்பவன். 64டிடி வாங்க வசதியில்லை. சம்மர்கார்ட் 64 என்ற, ஆட்டக் கோப்புகளை ஏற்றி ஓட்டும் கேட்ரிட்ஜ் 64டிடியைப் போலவே நடிக்கும் என்கிறார்கள். அதை வைத்து இதையெல்லாம் செய்ய முடியுமா?

ஈயப்பற்று

வரையலாம், பொம்மைக்கு உடுத்தலாம். படம் பிடிக்க மட்டும் முடியாது தம்பி. சம்மர்கார்ட் உட்காரும் இடமும் கேப்சர் கேசட் உட்காரும் இடமும் ஒன்றே, கன்சோலின் மேலுள்ள கேட்ரிட்ஜ் துளை. உண்மையான 64டிடி அடிப்பக்க இணைப்பில் பொருந்துவதால்தான் மேல் துளை கேசட்டுக்குக் காலியாக இருக்கிறது.

ஜப்பானியக் கன்சோல் தருவித்தால் அதன் மின் அடாப்டரை நம் வீட்டுச் சுவரில் நேரடியாகச் செருகிவிடாதே. அது 100 வோல்ட்டுக்கானது, நம்முடையது 230.

கசாய்க்காரன்

133 விழுக்காடு கச்சிதமாகப் பொருந்தியது. பட்டுப்புடவைதான் கிடைக்கவில்லை, பளபளக்கும் ஒரு கவுனில் நடந்துகொண்டிருக்கிறார். நின்டெண்டோ வீ கன்சோலில் நம்மைப் போலவே செய்துகொள்ளும் ‘மீ’ (Mii) உருவங்களுக்கான எண்ணம் இந்த ஆட்டத்தின் வழியில் வந்தது என்று படித்தபோது நம்பவில்லை, இப்போது நம்புகிறேன்.

கடைசியாக ஒன்று. வட்டில் முன்பு வைத்திருந்தவர் செய்த பொம்மைகள் இருக்கின்றன, சிறுவர்களின் உண்மையான முகங்களோடு. இடம் வேண்டுமென்றால் அழித்துவிடலாமா?

ஈயப்பற்று

வட்டு உங்களுடையது, முடிவும் உங்களுடையதே. 64 எம்பி வட்டில் எழுத ஒதுக்கியது ஒரு பகுதிதான் என்றாலும், சில பொம்மைகளுக்காக அவசரப்பட்டு அழிக்க வேண்டியதில்லை. அந்த முகங்களைப் படமெடுத்து எங்கும் பகிராமல் இருந்தால் போதும். அழிப்பதானாலும் சேமிப்பதானாலும் இயக்ககத்தின் விளக்கு சிமிட்டும்போது மின்சாரத்தை நிறுத்தாதீர்கள், வட்டையும் உருவாதீர்கள். இது காந்த வட்டு, ஒலிபெருக்கிமேல் வைக்கவும் கூடாது.

கசாய்க்காரன்

சரி அண்ணா, இருக்கட்டும். இப்போதைக்கு இடம் போதும். தலைப்பில் ‘தீர்ந்தது’ என்று சேர்க்கிறேன்.